சாமியார் பீரும் கேஷியர் கணக்கும்

"பாண்டிச்சேரியா ஸார்? அப்ப ஜாலிதான்!"

வெளியூரில் யாரிடம் ஊர் பேரைச் சொன்னாலும் இதுதான் முதல் வரி. கூடவே ஒரு கண்ணடிப்பு. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டில் வாசல் வரை வழியனுப்ப வந்தவர்கூட, "அடுத்த தடவை வரும்போது ஒண்ணே ஒண்ணு..." என்று காதோரம் கிசுகிசுத்ததுண்டு. பாரதியார் பத்து வருஷம் வாழ்ந்த ஊர், ஆசிரமம் இருக்கிற ஊர், அருமையான கடற்கரை உள்ள ஊர் என்பதெல்லாம் அவர்களுக்கு அப்புறம்தான்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒருவன் அமெரிக்காவிலிருந்து மெனக்கெட்டு பீர் கொண்டு வருகிறான் என்றால் என்ன சொல்வது? திருநெல்வேலிக்கே அல்வா!

கொண்டு வந்தவன் என் சித்தி பையன். நியூ ஜெர்ஸியில் கம்ப்யூட்டர் வேலை. 2019 டிசம்பர் கடைசியில் லீவில் வந்திருந்தான். சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை அனுமதி உண்டு. அவன் கொண்டு வந்ததோ ஒரே ஒரு பாட்டில். பழைய லுங்கி இரண்டைச் சுற்றி, நடுவில் பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி சூட்கேஸில் வைத்திருந்தான். 750 மி.லி. தடித்த கண்ணாடி, வாயில் தக்கை, தக்கை தெறித்துவிடாமல் இருக்க ஒரு கம்பிக் கூண்டு.

"பீருக்கு எதுக்குடா தக்கை?"

"அண்ணே, இது சாதா பீர் இல்லண்ணே. ஆபி ஏல்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடா, ஆவியா? ஆவியில வேக வச்சதா?"

"இல்ல பெரியம்மா. ஆபின்னா மடம். சாமியாருங்க இருக்கிற மடம். பெல்ஜியத்துல அவங்கதான் இந்த பீரைக் காய்ச்சுவாங்க."

"சாமியாரா? பீரா?" என்று கேட்டவள், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுச் சாமி ரூமுக்குப் போய்விட்டாள்.

ருசி பார்க்கும் வைபவம் சனிக்கிழமை சாயங்காலம், முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் என்று முடிவானது. நடுவர் குழுவில் நாலு பேர். நான், சித்தி பையன், கேஷியர், சொல்தா தாத்தா. தலைக்கு 187 மி.லி. ஒரு குவார்ட்டரை விட ஏழு மி.லி. ஜாஸ்தி என்று நொடியில் கணக்குப் போட்டுச் சொன்னது கேஷியர்தான்.

கேஷியரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.காமில் என்னோடு படித்தவன். விழுப்புரத்தில் ஒரு தனியார் வங்கியில் கேஷியர். நோட்டு எண்ணுகிற வேகத்திலேயே பீரும் குடிப்பான். வாரம் பூராவும் குனிந்த தலை நிமிராத நல்ல பிள்ளை. சனிக்கிழமை மத்தியானம் கவுன்டரை மூடினால், பைக்கை எடுத்துக்கொண்டு சுமார் 40 கிலோமீட்டர் பாண்டிக்கு. இரண்டு பாட்டில் ஸ்ட்ராங், நல்ல கூலிங்காக. அரை மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் அதே பைக்கில் 40 கிலோமீட்டர் திரும்ப. கேட்டால், "நான் ஹாட் தொடவே மாட்டேன்டா. வெறும் பீருதானே!" என்பான்.

அந்த 'வெறும் பீருதானே' போன வருஷம் கண்டமங்கலம் தாண்டி அவனை ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கியிருந்தது. காறை எலும்பு முறிவு. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் நோட்டு எண்ணினான். அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அவன் மனைவியிடமிருந்து ஒரு போன் வரும். ஒரே கேள்வி. "எத்தனை?"

சொல்தா தாத்தா பக்கத்துத் தெரு. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். சிப்பாய்க்கு பிரெஞ்சில் அதுதான் பெயர். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள், 1962-ல் சட்டப்படியும் கைமாறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் இவர் குடும்பமும் ஒன்று. அல்ஜீரியாவைப் பார்த்தவர். எண்பது வயசு. பிரான்ஸிலிருந்து பென்ஷன், இங்கே சுண்ணாம்புக் காரை வீடு, மாலையில் ஒரே ஒரு கிளாஸ் ஒயின். அந்த ஒரு கிளாஸை ஒன்றரை மணி நேரம் குடிப்பார். கேஷியருக்கு அவரைப் பார்த்தாலே பொறுமை போய்விடும்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குழு கூடியதுமே முதல் தகராறு, கூலிங்கில்.

பாட்டிலை மத்தியானமே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். சித்தி பையன் அதை எடுத்து மாடிச் சுவர் மேல் வைத்துவிட்டு, "இருபது நிமிஷம் வெளியே இருக்கணும்" என்றான். கேஷியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர் பாரில் நுழைகிறவன் பீரின் பெயரைக்கூடக் கேட்க மாட்டான். "கூலிங் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. கைபட்டால் விரல் மரத்துப் போக வேண்டும். அதற்குப் பெயர்தான் பீர்.

"அதிகக் கூலிங்ல நாக்கு மரத்துப் போயிடும்ணே. வாசனையும் மேல வராது. நம்மூர்ல கிடைக்கிறது லாகர். அது குளிர்ச்சியில மெதுவா புளிக்கிற ஈஸ்ட். அதைச் சில்லுனு குடிக்கலாம். இது ஏல். வெதுவெதுப்புல புளிச்சது. பழ வாசனையெல்லாம் அந்தச் சூட்டுலதான் உண்டாகுது. பத்து டிகிரி பக்கம் வந்தாதான் அது வெளியே வரும்."

"அப்ப நம்ம பீர்ல ஐஸ் மாதிரி குடிச்சா என்ன தெரியாம போகுது?" என்றான் கேஷியர்.

"அதுல இருக்கிற குறை!" என்றார் சொல்தா தாத்தா.

இருபது நிமிஷத்தை ஓட்ட வேண்டுமே. லேபிளைப் படிக்க ஆரம்பித்தோம். ஓமெகாங். காய்ச்சுகிற கம்பெனியின் பெயர் அது. நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. நமக்கு லார்ட்ஸ் மைதானம் மாதிரி, அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கு அது புண்ணியத் தலம். டான் ஃபைன்பெர்க், வெண்டி லிட்டில்ஃபீல்ட் என்ற தம்பதி பல வருஷம் பெல்ஜியம் பீரை இறக்குமதி செய்து விற்றுக் கொண்டிருந்தார்கள். விற்றால் மட்டும் போதுமா, நாமே காய்ச்சிப் பார்ப்போமே என்று 1997-ல், ஒரு காலத்தில் ஹாப் பயிர் விளைந்த பண்ணை நிலத்தில், பெல்ஜியத்துப் பண்ணை வீடு மாதிரியே கட்டடம் கட்டி ஆரம்பித்தார்கள். 2003-ல் அதை வாங்கிக்கொண்டது யார் தெரியுமோ? டுவெல் மூர்ட்காட் என்ற பெல்ஜியம் கம்பெனி! நம்ம ஊர் தோசையை எவனோ அமெரிக்காவில் சுட, அந்த ஹோட்டலை உடுப்பிக்காரர் விலைக்கு வாங்கின கதை.

ஓமெகாங் என்றால் பெல்ஜியத்தின் ஃப்ளெமிஷ் மொழியில் 'சுற்றி வருவது'. பிரஸ்ஸல்ஸ் நகரில் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வீதி வலம் வருகிற ஊர்வலத்துக்கு அந்தப் பெயர்.

"அட, வில்லியனூர் லூர்து மாதா தேர் பவனி!" என்றேன்.

"அதேதான்ணே. பீருக்குத் தேர் பவனின்னு பேர் வச்சிருக்கான்."

வில்லியனூரில் இன்னொரு தேரும் உண்டு. திருக்காமீஸ்வரர் கோயில் தேர். பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து கவர்னர்தான் வடம் பிடித்துத் துவக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் எந்தப் புண்ணியவானும் இதுவரை அந்தப் பெயரில் ஒன்றும் காய்ச்சவில்லை. நல்லவேளை.

சரி, சாமியார்கள் எதற்காக பீர் காய்ச்சுகிறார்கள்? பெனடிக்ட் முனிவர் வகுத்த விதிப்படி துறவி தன் கை உழைப்பில் வாழ வேண்டும். சில மடத்தில் பாலாடைக் கட்டி, சில மடத்தில் ரொட்டி, பெல்ஜியத்தில் பீர். ட்ராப்பிஸ்ட் என்ற பிரிவினர் இதில் பிரபலம். வெஸ்ட்மால் மடத்தில் 1836-ல் முதல் பீர். 1856-ல் கறுப்பாக, திடமாக ஒன்று செய்தார்கள். 1926-ல் அந்தச் செய்முறையைத் திருத்தியதும் வந்தது இன்றைய 'டுபெல்'. டபுள் என்று அர்த்தம். இந்த ஓமெகாங் பாட்டில் அதன் அமெரிக்கத் தம்பி. உண்மையான ட்ராப்பிஸ்ட் பீர் என்றால் மடத்துச் சுவருக்குள்ளேயே, துறவிகள் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்துச் செலவுக்கும் தர்மத்துக்கும். மற்றவர்கள் காய்ச்சினால் வெறும் 'ஆபி' என்றுதான் போட்டுக்கொள்ளலாம்.

இதில் வெஸ்ட்ஃப்ளெட்டரன் என்ற மடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உலகத்திலேயே சிறந்த பீர் என்று ரசிகர்கள் கொண்டாட, சாமியார்கள் அசரவில்லை. தேவைக்கு மேல் காய்ச்ச மாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் வாங்க வேண்டுமானால் போன் போட்டு, கார் நம்பரைப் பதிவு செய்து, சொன்ன நாளில் மடத்து வாசலுக்கே போய் அளவாக வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. போன் லைன் கிடைப்பது நம்ம தத்கல் டிக்கெட் மாதிரி இருந்தது. 2019-ல்தான் இன்டர்நெட் வழியாக விற்க ஆரம்பித்தார்கள். வாங்கி அதிக விலைக்குக் கைமாற்றினால் சாமியார்களுக்குக் கோபம் வரும்.

"பிளாக்ல விக்கக் கூடாதா? அப்ப எங்க ஊர் ஆளுங்களுக்குச் சரிப்படாது" என்று கேஷியர் முடித்துவிட்டான்.

இன்னொரு விஷயம், திடமானதை வெளியாருக்கு விற்றுவிட்டு, மடத்துச் சாப்பாட்டு மேஜைக்குச் சாமியார்கள் வைத்துக்கொள்வது லேசான பீர். விவரமானவர்கள்!

அமெரிக்காவில் நிஜ ட்ராப்பிஸ்டுகளே காய்ச்சிப் பார்த்தார்கள். மாஸசூஸெட்ஸில் ஸ்பென்சர் என்ற இடத்து மடம், 2014-ல் விற்பனைக்கு வந்தது. 2022-ல் கட்டுப்படியாகவில்லை என்று அவர்களே கடையை மூடிவிட்டார்கள். தியானம் செய்வதை விட வியாபாரம் செய்வது கஷ்டம் போலிருக்கிறது.

சித்தி பையன் கம்பிக் கூண்டைத் திருகி அவிழ்த்தான். 'டப்'. தக்கை பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தில் போய் அடித்தது. சொல்தா தாத்தா தன் வீட்டிலிருந்து அகன்ற வயிறுள்ள நாலு கண்ணாடிக் கிளாஸ் கொண்டு வந்திருந்தார். எவர்சில்வர் டம்ளரை அவர் பார்த்த பார்வையில் நான் அதைப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன்.

கடைசி இரண்டு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டு நிறுத்தினான். அடியில் ஈஸ்ட் படிந்திருக்குமாம். பாட்டிலில் அடைத்த பிறகும் அது உள்ளே உயிரோடு வேலை செய்து, நுரைக்கான காற்றை அதுவே தயாரிக்கிறது. நம்ம பீர் மாதிரி வெளியிலிருந்து காற்றைச் செலுத்துவதில்லை.

நிறம்? கருப்பட்டிக் காபி. ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மாதுளை முத்துச் சிவப்பு. மேலே பழுப்பு நுரை, சீக்கிரம் அடங்காமல் நின்றது.

மூக்கை உள்ளே விடச் சொன்னான். விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாட்டு மருந்துக் கடை! முதலில் பேரீச்சம்பழம், காய்ந்த திராட்சை. அப்புறம் எங்கேயோ பழகின வாசனை, பெயர் வரவில்லை.

"அதிமதுரம்" என்றாள் அம்மா. வடகம் போட்டு வறுத்த கறியைத் தட்டில் கொண்டு வந்தவள், என் கிளாஸ் பக்கம் வந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "தொண்டை கட்டினா வாயில அடக்கிப்போமே, அது. அன்னாசிப்பூவும் இருக்கு. பிரியாணிக்குப் போடறது."

சித்தி பையன் ஆடிப்போனான். ஓமெகாங்காரர்கள் அதிமதுர வேர், அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல் சேர்த்துத்தான் இதைக் காய்ச்சுகிறார்களாம். டேஸ்டிங் வகுப்பில் காசு கட்டிக் கற்றுக்கொண்டதை அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். கிராம்பு வாசனையும் இருந்தது. ஆனால் கிராம்பு போடவில்லை. பெல்ஜியம் ஈஸ்டே அந்த வாசனையை உண்டாக்கிக்கொள்ளும். மாயக்காரி!

ருசி முதலில் தித்திப்பு, பாகு மாதிரி. அப்புறம் லேசான காரம். விழுங்கிய பிறகு இனிப்பு காணாமல் போய் நாக்கு சுத்தமாக இருந்தது. காரணம் சர்க்கரை என்றான். கேட்கத் தலைகீழாக இருக்கிறதா? கறுப்பாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகைச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள இனிப்பை ஈஸ்ட் மொத்தமாகத் தின்றுவிடும். நிறமும் வாசனையும் மட்டும் மிஞ்சும். மால்ட்டிலிருந்து மட்டும் அவ்வளவு ஆல்கஹால் எடுத்தால் கஞ்சி மாதிரி கனத்துவிடும். பாகு சேர்த்தால் வயிற்றில் லேசு.

அந்தச் சர்க்கரைக்கு பெயர் 'காண்டி'. பிரெஞ்சுக்காரன் 'காண்டி' என்றது அரபிக்காரனிடமிருந்து, அவனுக்குப் பாரசீகத்திலிருந்து, அவர்களுக்கு நம் நாட்டு 'கண்ட'விலிருந்து. நம்ம கற்கண்டில் இருக்கிற கண்டுதான். சொல் உலகத்தைச் சுற்றி வந்து, என் மொட்டை மாடியில் பீராக இறங்கியிருந்தது.

பெல்ஜியத்துக்காரர்களும் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. சித்தி பையன் சென்னையிலிருந்து ஈ.ஸி.ஆரில் வந்தானே, வழியில் கோவளம். 1720-களில் அங்கே ஆஸ்டெண்ட் கம்பெனி பண்டகசாலை வைத்திருந்தது. ஆஸ்டெண்ட் துறைமுகம் இன்றைய பெல்ஜியத்தில். இங்கிலீஷ்காரனும் டச்சுக்காரனும் கொடுத்த குடைச்சலில் 1731-ல் அந்தக் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் யார் கண்டது, கோவளத்தில் சாமியார் மடம் கட்டி...

நாங்கள் மூன்று பேரும் இப்படி ஆராய்ந்து கொண்டிருந்தபோது கேஷியர் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். காலி கிளாஸைக் கீழே வைத்த சத்தம்.

"நல்லாருக்கு. அடுத்தது?"

"அடுத்தது இல்லடா. அவ்வளவுதான்."

நாலு நிமிஷம். நான் முதல் மடக்கில்தான் இருந்தேன். சொல்தா தாத்தா இன்னும் வாசனையைத் தாண்டவில்லை. அவர் நிதானமாகக் கேஷியரைப் பார்த்து, "தம்பி, உன்னை யாராச்சும் துரத்துறாங்களா?" என்றார்.

சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்தால், துரத்தத்தான் துரத்துகிறார்கள். எங்கள் அப்பா சொல்வார்: தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ்ஸில் வருவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைவார்கள். நின்றபடியே ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். எல்லையில் போலீஸ் ஊதச் சொல்வதற்குள் வெற்றிலை பாக்கு. சென்னை மாகாணத்தில் 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் பூரா வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-ல் மறுபடி இறுக்கினார்கள். சட்டம் போய் டாஸ்மாக் வந்தாலும் அந்த அவசரம் மட்டும் பிள்ளைகளின் தொண்டையில் தங்கிவிட்டது.

பெல்ஜியத்திலும் சட்டம் போட்டார்கள். 1919-ல் வாண்டர்வெல்டே என்ற மந்திரி கொண்டுவந்த சட்டம்: ஓட்டல், பார்களில் ஜின் மாதிரி கடும் சாராயம் கொடுக்கக் கூடாது. குடிப்பவர்களுக்கு ஏதாவது திடமாக வேண்டுமே! பீர் காய்ச்சுகிறவர்கள் திடமான பீர்களைப் பெருக்கினார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை முழு மதுவிலக்கு. சின்னச் சின்ன ப்ரூவரிகள் செத்தன. பிழைத்ததையும் பெரிய கம்பெனிகள் விழுங்கின. 1970-களின் கடைசியில் அவ்வளவு பெரிய தேசத்தில் ப்ரூவரிகள் நூறுக்கும் கீழே. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ள அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். அப்படி வீட்டில் காய்ச்சிப் பழகினவர்கள் பலர் பிறகு சின்ன ப்ரூவரி வைத்தார்கள். அவர்களுக்கு பெல்ஜியத்தைக் காட்டியவர் இங்கிலாந்து எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன். பாட்டு பாடி ஆடினவர் இல்லை, இவர் பீரைப் பற்றியே எழுதினவர், தாடிக்காரர். நம் பக்கத்து இலங்கையின் லயன் ஸ்டவுட்டையும் உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். நுவரேலியா குளிரில் 1881-ல் தொடங்கிய ப்ரூவரியின் கறுப்பு பீர், 8.8 சதவிகிதம். கறுப்பாக, திடமாக, மெதுவாகக் குடிக்கிற மாதிரி பீர் வேண்டுமென்றால் நமக்குக் கிட்டே இருப்பது அதுதான்.

"சதவிகிதம் இதுல எவ்வளவு?" என்றான் கேஷியர், பாட்டிலைத் திருப்பியபடி.

"எட்டுக்குக் கொஞ்சம் மேல."

"நான் அடிக்கிற ஸ்ட்ராங்கும் எட்டுதானே! அப்புறம் என்ன பெரிய சாமியார்?"

நியாயமான கேள்வி. அதே எட்டு. அதிலும் சர்க்கரை, அரிசி, மக்காச்சோளம் என்று சேர்த்துத்தான் ஆல்கஹாலை ஏற்றுகிறார்கள். வித்தியாசம் எங்கே என்றால், பெல்ஜியத்தில் இதை 330 மி.லி. சின்ன பாட்டிலில், அகன்ற கிளாஸில், சாப்பாட்டோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்கிறார்கள். இங்கே 650 மி.லி. பாட்டில், பத்து நிமிஷம்.

பி.காம் படித்தது எதற்காகவாவது பயன்பட வேண்டாமா? தினத்தந்தி ஓரத்தில் கணக்குப் போட்டேன். 650 மி.லி.யில் எட்டு சதவிகிதம், 52 மி.லி. சுத்த ஆல்கஹால். விஸ்கி, பிராந்தி எல்லாம் நம் நாட்டில் 42.8 சதவிகிதம். ஒரு ஸ்மால் 30 மி.லி. என்றால் அதில் ஆல்கஹால் 12.84 மி.லி. ஐம்பத்திரண்டை அதால் வகுத்தால் நாலு!

"ஒரு பாட்டில் ஸ்ட்ராங், நாலு ஸ்மால்டா. நீ அடிக்கிற ரெண்டு பாட்டில்ல எட்டு ஸ்மால். அதாவது ஒரு குவார்ட்டர், அதுக்கு மேல ரெண்டு ஸ்மால். அரை மணி நேரத்துல. அப்புறம் பைக்."

கேஷியர் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டான். வங்கிக்காரன், அடுத்தவன் கூட்டலை நம்ப மாட்டான். செல்போனை எடுத்து ஒருமுறை, தலைகீழாக இன்னொரு முறை வகுத்தான். டேலி ஆனது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஹாட் தொட மாட்டேன்னு மாமனார்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டா" என்றான் கடைசியில்.

சொல்தா தாத்தா தன் கிளாஸில் பாதியை அவன் கிளாஸில் ஊற்றினார். "இதை எட்டரை வரைக்கும் வச்சிரு பார்ப்போம்" என்றார். பட்டாளத்தில் லீல் ஊர்ப் பக்கம் இருந்தபோது, எல்லை தாண்டினால் பெல்ஜியம், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு சீட்டாடுவார்களாம். முதல் தடவை அவரும் மடமடவென்று குடித்துவிட்டு, எழுந்து நின்றதும் கால் எங்கே என்று தேடினாராம்.

கேஷியருக்கு அது பெரிய சோதனை. கிளாஸைத் தூக்குவான், தாத்தா இருமுவார், கீழே வைப்பான். கறியைக் கடித்துக்கொண்டு ஒரு வாய். வடகக் கறிக்கும் அந்த பீருக்கும் ஜாதகமே பார்த்த மாதிரி பொருத்தம். ஏழே முக்கால் வாக்கில், "டேய், இப்ப திராட்சை வாசனை வருதுடா!" என்று கத்தினான். சூடு ஏற ஏற வாசனை மாறுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எட்டரைக்கு போன்.

"எத்தனை?"

"ஒரு கிளாஸ்... ஒன்றரை கிளாஸ். அதுவும் முடியலை, பாதி இருக்கு."

அந்தப் பக்கம் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் மிச்சம் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. குரல் உயர்வது எங்களுக்கே கேட்டது. தாத்தா கையை நீட்டி போனை வாங்கினார். "அம்மாடி, நான் எண்பது வயசுக்காரன், பொய் சொல்ல மாட்டேன். பாதி இருக்கு. ராத்திரி இங்கதான் படுப்பான். வண்டிச் சாவி என்கிட்ட" என்றார். சாவியை அவர் எப்போது எடுத்தார் என்பது கேஷியருக்கே தெரியாது.

அடுத்த வருஷம் கொரோனா வந்தது. 2020 மே மாதம், தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக எங்கள் ஊர் சரக்குக்கும் தனி வரி போட்டார்கள். வெளியூர் கூட்டம் நின்றது. 2021 ஏப்ரலில் வரியை எடுத்தார்கள், கூட்டம் திரும்பியது. கேஷியரும் திரும்பினான். பஸ்ஸில்.

பாட்டில் அடியில் நிறுத்தி வைத்த வண்டலைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆப்பம். ராத்திரி மாவைக் கரைத்துக் கொண்டிருந்த அம்மா சித்தி பையனைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அதுல உசிரோட ஏதோ இருக்குன்னியே... கள்ளு மாதிரிதானே அதுவும்? இதுல ஊத்தலாமா?"

ஊற்றினாள். காலையில் திறந்து பார்த்தால், கள்ளு ஊற்றின மாதிரி பொங்கி வழியவில்லை. சாமியார் ஈஸ்ட், அடக்கமாகத்தான் எழும்பியிருந்தது. ஆனால் சட்டியில் ஊற்றிச் சுழற்றியதும் ஓரத்தில் ஜல்லடை மாதிரி ஓட்டை விழுந்தது. கேஷியர் ஆறு ஆப்பம் சாப்பிட்டான். ஆறாவதை முடிக்கும்போதுதான், இதிலும் சதவிகிதம் உண்டா என்று கேட்டான்.